இடது பக்கத்துத் திமிங்கிலம்

…வாந்தி வரும் என்றார்கள், ஊரில், கருமத்தம்பட்டியில், கடலையே பார்க்காதவர்கள்கூடச் சொன்னார்கள், அதனால்தான் கையில் இந்த எலுமிச்சம்பழம், முகர்ந்து முகர்ந்து தோல் வதங்கிப்போனது, ஆனால் வந்ததெல்லாம் சிரிப்புதான்… படகு ஏறி இறங்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்கள், இந்த வயதில் ஒரு பொம்பளை இப்படிச் சிரிக்கலாமா, சிரித்தால்தான் என்ன, யார் இருக்கிறார்கள் இங்கே? பின்னால் படகோட்டி பீர் முகம்மது, முன்னால் மகள் பிந்து, பக்கத்தில் வீட்டுக்காரர் நரசிம்மலு. ராமாமணி சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். தூத்துக்குடி ஒரு மங்கிய கோடாகிவிட்டது. பிந்து பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுப்பதேயில்லை, இங்கேயே மீன்வளம் படித்து இங்கேயே ஆராய்ச்சிக்கும் சேர்ந்துவிட்டாள், கடலில் என்னென்ன தென்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலையாம், இப்படியும் ஒரு வேலை… “அம்மா, அதா ஆலா, மீனுக்குப் பாயுது பாருங்க” என்றாள், வெள்ளையாய் ஒரு பறவை தலைகீழாக விழுந்து வாயில் மீனோடு எழுந்தது, அப்புறம் ஓர் ஆமை, தலையை நீட்டி மூச்சு வாங்கி, கல்யாண வீட்டில் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது, அப்புறம் ஓங்கில்கள், டால்பினுக்குப் பீர் முகம்மது சொல்லும் பேர் அது, படகுக்கு முன்னால் துள்ளித் துள்ளி… நரசிம்மலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். “பாரு அம்மணி, நம்ம கூடவே வருது!”

என்ன சத்தம், தறிக்குடோன்காரர் சத்தம், பகலெல்லாம் தறி ஓடுகிற வீடு, அங்கே எல்லோருக்கும் இதே சத்தந்தான், மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது, யாரும் பேசுவதும் இல்லை. இந்த மனுஷனா சிரிக்கிறது? நாலு வருஷம் மகளைப் பார்க்க இந்தப் பக்கமே வராதவர், தறியை விட்டுப்போட்டு எப்படி வாரது என்றவர். இவள் மெதுவாகப் பேசினது படுக்கையில் மட்டுந்தான். பிந்து பன்னிரண்டாவது முடித்தபோது, மீன் படிப்புப் படிக்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, சத்தமாகக் கேட்கப் பயந்துகொண்டு, விளக்கணைத்த பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, ஏனுங்க, புள்ள ஆசப்படுது, அனுப்பட்டுங்களா… பதிலே இல்லை. மறுநாளும் கேட்டாள், இல்லை. வேண்டாமென்றால் இந்நேரம் கூரை பறந்திருக்குமே, சரி, சம்மதந்தான் என்று துணிந்து பணத்தைக் கட்டிவிட்டாள். பெட்டியோடு பிந்து கிளம்பின காலையில் அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்… சொல்லாததுதான் இவளுக்கு இத்தனை வருஷக் கோபம், ஒரு வார்த்தை, சரி என்றோ வேண்டாம் என்றோ, வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

பீர் முகம்மது சட்டென்று இஞ்சினை நிறுத்தினார். “சத்தம் போடாதீங்க அய்யா… பெரிசு ஒண்ணு நிக்கிது.” எப்பேர்ப்பட்ட அமைதி, காதுக்குள் பஞ்சை வைத்தாற்போல, படகுக் கட்டையில் தண்ணீர் தட்டுகிற சின்னச் சத்தம், பிந்துவின் மூச்சு… அப்போது இடது பக்கம், வெகு பக்கத்தில், புஸ்ஸென்று, லாரி டயரில் காற்றை இறக்கினதுபோல ஒரு பெருமூச்சு, மீன் நாற்றத்தோடு சாரல் முகத்தில் விழுந்தது, கறுத்த முதுகு ஒன்று வருகிறது, வருகிறது, முடியவே மாட்டேனென்கிறது, சாமீ, இது ஒரு உசுரா, இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை சாதுவாக… “திமிங்கிலம்மா, திமிங்கிலம்” என்று பிந்து முணுமுணுத்தாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, மூன்று பேரும் இடது பக்கம் சாய்ந்திருந்தார்கள். நரசிம்மலு மட்டும் வலது பக்கம் திரும்பி, வெறுங்கடலில் ஆவலாகத் தேடிக்கொண்டிருந்தார். “எங்க? எங்க கண்ணு?”

ராமாமணி அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள், மகள் முன்னால், அந்நிய ஆள் முன்னால், கூச்சமே படவில்லை. அவர் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. இவள் பார்த்தது அவரை. இத்தனை பக்கத்துச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? குடோனில் அவர் உட்காரும் மேசை, தறிச் சத்தமெல்லாம் இடது காதில் விழுகிற மாதிரித்தான் கிடக்கிறது, முப்பது வருஷமாக… அவருடைய இடது தோளருகே குனிந்து, படுக்கையில் பேசுகிற அதே குரலில், “ஏனுங்க, பசிக்குதுங்களா?” என்றாள். திமிங்கிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ… அப்படியென்றால் அன்றைக்கு? இவள் கேட்டது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவேயில்லையா, சம்மதம் என்று நினைத்துக்கொண்டு இவளே முடிவுசெய்து, இவளே அனுப்பி… சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, எலுமிச்சம்பழம் கைநழுவிக் கடலில் விழுந்தது, மகளுடைய மொத்தப் படிப்பும் ஒரு கேளாத காதால் நடந்ததா!

அந்தப் பெரிய வால் ஒருமுறை மேலே எழும்பி, நின்று, சத்தமில்லாமல் இறங்கியது. இவள் எழுந்து அவருடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், உப்புத்தண்ணீர் என்றார். பிறகு, வழக்கமில்லாத தணிந்த குரலில், “நல்ல படிப்புதான் படிக்க வெச்சுப்போட்ட” என்றார். வெச்சுப்போட்ட என்கிறாரே, வெச்சோம் என்றில்லை. “உங்களக் கேட்டுத்தானுங்களே அனுப்புனேன்” என்றாள் இவளும் மெதுவாக. இந்தப் பக்கத்துக் காதுக்குக் கேட்டது. அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. “எப்பக் கேட்ட?” என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு. பீர் முகம்மது இஞ்சினை முடுக்கினார், காற்று மறுபடி முகத்தில் அடித்தது, பிந்து கை நீட்டி எதையோ காட்டினாள், என்ன சந்தோஷம் இது, எங்கிருந்து இத்தனை… ஆனால் படுக்கையில் எப்போதும் வலது பக்கம் ஒருக்களித்துத்தானே படுப்பார், கேட்கிற காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு… அது பழக்கமா? இல்லையென்றால், இவள் பேச ஆரம்பித்த பிறகா அப்படித் திரும்புவார்?