கவிழ்த்துவைத்த செருப்பு

சஞ்சீவனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்டி பெரியாஸ்பத்திரியில் கணவன் சுதேஷுக்கு வயிற்றில் ஆபரேஷன். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. நர்ஸ்மாரைக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவாள் என்று சுதேஷே அவளை ஹந்தானை வீட்டுக்கு விரட்டிவிட்டு, தன் தங்கை நிஷாந்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டான். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, இந்த மகராசி காலையிலேயே லாப்டாப்பில் தான் நடத்தும் ஆங்கில வகுப்பைத் திறந்துவிட்டாள்.

மாணவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள், கடைக்காரர்கள், கிளார்க்குகள். அன்றைய பாடம் மிருகங்களின் சத்தம். ஊளைக்கு ஆங்கிலத்தில் 'ஹௌல்' என்ற சொல்லுக்கு வந்ததும், சொல்லிவைத்தாற்போல் வாசலில் நாய் ஊளையிட்டது.

அவள் அதைக் கேட்காததுபோல் குரலை உயர்த்திப் பாடத்தை நடத்தினாள். சத்தத்தைக் கேட்டு அப்படியே பிறந்த சொல் அது, ஜெர்மன்காரனிடமும் டச்சுக்காரனிடமும் அதற்குக் கூடப்பிறந்த சொற்கள் உண்டு, டச்சுக்காரன் பிள்ளை அழுதாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்வான் என்றாள். மனிதருக்கும் நாய்க்கும் ஒரே சொல்லா என்று கெலிஓயாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பளீல் கொஞ்சம் மனத்தாங்கலோடு கேட்டார்.

நாய் நிறுத்துவதாயில்லை. நாய் ஊளையிட்டால் வீட்டில் சாவு விழும், செருப்பைக் கவிழ்த்துவைத்தால் அடங்கும் என்பது தேயிலைத் தோட்டத்து லயத்துப் பேச்சு. அதைக் கேட்டுக் கேலி செய்தவள்தான் இவள். இப்போது மைக்கை மூடவும் மறந்து வாசலுக்கு ஓடி, கைக்கு அகப்பட்ட செருப்பைக் கவிழ்த்தாள். பிறகுதான் கவனித்தாள், அது சுதேஷின் செருப்பு. ஐயோ, நானே அவரைக் கவிழ்த்துவிட்டேனா என்று உடம்பு பதறியது.

நிமிர்த்தக் குனிவதற்குள் நாய் வந்துவிட்டது. செருப்பை முகர்ந்தது. அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. ஊளை நின்றது.

தினமும் காலையில் சுதேஷ் ரொட்டி பிய்த்துப் போடும் தெருநாய். அது சாவைக் கூப்பிடவில்லை, அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறது. இது தெரியாமல் பயந்து செத்தோமே என்று அவளுக்கு வெட்கமாய் இருந்தது.

கையிலிருந்த போன் அடித்தது. காதில் வைத்தாள்.

"அண்ணி, நல்லபடியா முடிஞ்சிருச்சு," என்றாள் நிஷாந்தி. "அண்ணன் கண்ணு முழிச்சிட்டாங்க. நாய்க்கு ரொட்டி போட்டீங்களான்னு கேக்குறாங்க."

சஞ்சீவனி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அடக்க நினைக்கவும் இல்லை, அடங்கவும் இல்லை. நாயே தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

உள்ளே லாப்டாப்பிலிருந்து பளீலின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"டீச்சர், நாய் உள்ளுக்கு வந்திட்டா?"

"இல்லங்க பளீல். இது நான்தான்."