டாஸ்மேனியா இல்லாத ஏரியல்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். நோரீன் வண்டிக்குள், ஸ்டியரிங்குக்குப் பின்னால், கதவைத் திறந்துவைத்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி. அவள் கணவனின் தம்பி டெஸ் ஏணிப்படியில், கையில் கம்பி வெட்டும் குறடுடன். டெஸ்ஸின் மனைவி பெவ் கவிழ்த்துப் போட்ட தீவன வாளியின் மேல். பக்கத்துப் பண்ணைக் கெல்வின் ஐஸ் பெட்டியின் மேல். பீர் வேண்டுமென்றால் அவனை எழுப்பித்தான் எடுக்கவேண்டும், அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்திருந்தான். கிளாரி இருந்திருந்தால் ஐந்து பேர். நோரீனின் கணவன் கிளாரி போன கோடையில் இறந்துபோனான்.

பண்ணையை டெஸ்ஸிடம் ஒப்படைத்துவிட்டு நோரீன் போர்ட் அகஸ்டா நகரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறாள். வயதானவர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகள். வண்டியைத் தெருவில் விடக்கூடாது, கூரைக்கடியில்தான் நிறுத்தவேண்டும் என்று நிர்வாகி எழுதியிருந்தார். கூரை விட்டத்தின் உயரத்தையும் குறித்திருந்தார். அந்த உயரத்துக்கு வண்டி அடங்காவிட்டால் அதைக் கெல்வின் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பதில் இன்றைய தபால் லாரியில் போயாக வேண்டும்.

வண்டி அடங்கும். அடங்காதது அதன் மேல் நிற்கும் ரேடியோ ஏரியல்தான்.

அந்தப் பக்கங்களில் வண்டியின் ஏரியல் ஒடிந்தால் யாரும் கடைக்கு ஓடமாட்டார்கள். சட்டை மாட்டும் கம்பியை ஆஸ்திரேலியாவின் வடிவத்தில் வளைத்துச் செருகிவிடுவார்கள். கிளாரிக்கு அந்தக் கம்பி போதவில்லை. வேலிக் கம்பியை எடுத்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நாட்டை வளைத்து, நீண்ட காம்பின் உச்சியில் நிறுத்தினான். தூரத்தில் வரும்போது வண்டிக்கு முன்னால் வரைபடம்தான் தெரியும்.

டெஸ் இரண்டு தூண்களுக்கு நடுவே விட்டத்தின் உயரத்தில் கயிறு கட்டியிருந்தான். நோரீன் வண்டியை மெல்ல நகர்த்தினாள். கயிறு இழுபட்டு நின்றது.

"மேப்போட உச்சி, குயின்ஸ்லாந்து மூக்கு மாட்டிக்கிச்சு," என்றான் கெல்வின், சந்தோஷத்தை மறைக்காமல்.

"அந்த மேப்பைத் தூக்கிக் கடாசிட்டு, குட்டையா ரப்பர்ல ஒண்ணு வாங்கி மாட்டேன்," என்றாள் பெவ். "புது வண்டிங்கள்ல எல்லாம் அதுதானே இருக்கு?"

"அப்ப வண்டியையும் புதுசா வாங்கிக் குடு," என்றாள் நோரீன்.

"சரி சரி, சண்டை வேணாம்," என்றான் டெஸ். "காம்பை மட்டும் வெட்டறேன். மேப்பை அடியில வச்சு முறுக்கிடலாம். என்ன சொல்றே நோரீன்?"

நோரீன் தலையசைத்தாள். குறடு கடித்த சத்தம் அவளுக்குப் பல்லில் கேட்டது.

மிஞ்சிய கம்பியை டெஸ் சும்மா விடவில்லை. ஒரு துண்டை நறுக்கி மூன்று மூலையாக மடித்து நீட்டினான். "இந்தா, உன் ஊரு. கீழே தொங்கவிடவா?"

நோரீன் டாஸ்மேனியாக்காரி; நாட்டுக்குத் தெற்கே கடலில் தனியாகக் கிடக்கும் தீவு அது. கிளாரி வரைபடம் வளைத்த அன்றே கேட்டாள், என் தீவு எங்கே என்று. கம்பி தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. விருந்தாளிகளிடம், கேட்டில் இடித்தபோது கழன்று விழுந்துவிட்டது என்று கதை சொல்வான்.

"தூக்கிப் போடு அதை," என்றாள். "அந்த மனுஷனை ஏசறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் அடைச்சிடாதே."

வண்டி இம்முறை கயிற்றுக்கடியில் விரற்கடை இடைவெளியில் புகுந்தது. பெவ் கைதட்டினாள். கெல்வின் பெருமூச்சோடு எழுந்து தனக்கே ஒரு பீர் எடுத்துக்கொண்டான்.

நோரீன் ரேடியோவைத் திருகினாள். இரைச்சல். முள்ளை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். இரைச்சல்தான். டெஸ்ஸின் முகம் தொங்கிப்போனது.

"ஒரேயடியா வெட்டிட்டேன் போல."

"ஊமை வண்டி உனக்கெதுக்கு நோரீன்? நான் பேசின விலையைக் குறைக்கமாட்டேன்," என்றான் கெல்வின்.

அவள் இன்னொரு முறை திருகிப் பார்த்தாள். இந்த வண்டியில் அவளுக்கு வேண்டியது அந்த ரேடியோ ஒன்றுதான். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"சிக்னல் எட்டாத தகரத்துக்கடியில உக்காந்துக்கிட்டு ஸ்டேஷன் தேடறோம், நாலு கிறுக்குங்க! கிளாரி என்னைக்காவது இதுக்குள்ள ரேடியோ போட்டிருக்கானா?"

மதியச் செய்திக்கு நேரமாகியிருந்தது. தனியாகவே மேட்டுக்கு ஓட்டிப் போனாள். மதியம் ஆனால் கிளாரி அங்கேதான் நிறுத்துவான், வண்டியின் மூக்கைத் தெற்கே திருப்பி. அவள் பிளாஸ்க்கில் தேநீரும் உப்பிட்ட மாட்டிறைச்சி வைத்த ரொட்டியும் கொண்டுவருவாள். ரேடியோவில் முதலில் கம்பளி விலை, பிறகு மழை நிலவரம். மழை சொல்லும்போது மெல்லுவதை நிறுத்திவிடுவான். மழை இல்லை என்று சொன்னதும் மறுபடி மெல்லுவான். வறட்சி வருஷங்களிலும் ஒரு நாள் தவறாமல் வந்தார்கள். வீட்டிலும் ரேடியோ இருந்தது. ஆனால் மேசையில் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். வண்டியில்தான் தோளோடு தோள்.

மூக்கைத் தெற்கே திருப்பினாள். குரல் வந்தது. முன்னைவிட மெலிந்து, மணல் கலந்தாற்போல, ஆனால் வந்தது. வடக்கே லேசான மழைக்கு வாய்ப்பாம். முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"கேக்குதா?" டெஸ் ஓடிவந்தான்.

"கேக்குது. ஆனா அங்கயும் தகரக் கூரைதான்."

"அட, அங்க ரேடியோ ஸ்டேஷன் கம்பமே பக்கத்துல இருக்கு. சாக்குக்குள்ள போட்டுக் கட்டினாலும் பாடும்."

"பாடட்டும். கூரைக்கடியில உக்காந்து மழைச் சேதி கேக்க எனக்குப் பழக்கமில்லை."

வண்டியின் என்ஜின் மூடிமேல் தாளை வைத்து, நிர்வாகிக்கு நிதானமாக, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பத்தி என்று எழுதினாள். வண்டி விட்டத்துக்கடியில் அடங்கும், அளந்து பார்த்தாயிற்று. கெல்வினுக்கு விற்பதாக இல்லை. தினமும் மதியம் வண்டியை வெயிலுக்குக் கொண்டுவந்து, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மழைச் செய்தி முடிந்ததும் உள்ளே விட்டுவிடுவேன். இதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன். இல்லையென்றால் வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

பெவ் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "அவரு முடியாதுன்னுட்டா?"

"முடியாதுன்னா முடியாது. உங்க வீட்டுப் பின்னறை காலியாத்தானே கிடக்கு."

"அய்யோ, சாமி!" என்றான் டெஸ். "நானே ஒரு வரி எழுதறேன், சம்மதிக்கச் சொல்லி."

சாலையில் தூசி எழுந்தது. நோரீன் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, முஷ்டியால் இரண்டு குத்துக் குத்தி, வேகம் குறைத்த லாரியின் ஜன்னலுக்குள் நீட்டினாள்.