கொய்யா இலை நடந்தது

பத்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் ஜுவாலஜி நடத்திக்கொண்டிருந்தேன். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் கூட்டுக்குடும்பத்தில் எனக்கு இருந்த மரியாதை அதனால் வந்ததுதான். அழகு, கைமணம், மாமியாரின் கொஞ்சல் எல்லாம் என் ஓரகத்தி அமுதவல்லி பக்கம். படிப்பு மட்டும் என் பக்கம்.

2006 கார்த்திகையில் ஒரு காலை, பல்வலிக்குக் கொய்யா இலை வேகவைக்கப் போனவள் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"அக்கா, சீக்கிரம் வாங்களேன்! இலை நடக்குது!"

சட்டியிலிருந்து ஒரு இலை இறங்கி வந்துகொண்டிருந்தது. பச்சைப் பசேலென்று நரம்பு, ஓரத்தில் பூச்சி கடித்த மாதிரி கருகல்கூட. வீடே என் வாயைப் பார்த்தது.

"வெட்டுக்கிளி ஜாதி. தூக்கிப் போடு."

"இலைப்பூச்சின்னு டிவில காமிச்சாங்களே, அதுவா இருக்குமாக்கா?"

"அது பழுப்பா இருக்கும். எங்க லேப்ல சீசாவுல இருக்குது. தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் தூக்கிப் போடவில்லை. கிழிந்த கொசுவலையில் கூடு கட்டி, தினமும் கொய்யா இலை வைத்தாள். என் வீட்டுக்காரர் தணிகாசலம்கூட ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னிக்கு எவ்ளோ தின்னுச்சு அமுதா?" என்றுதான் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது செத்துத் தொலையட்டும் என்று துணி துவைக்கும்போது வாய்விட்டே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் ஒரு கல்லூரிப் பேராசிரியரை அழைத்து வந்தார். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அசல் இலைப்பூச்சி. உயிரோட நானே இப்பதான் பாக்கறேன். சீசாவுல போட்டா பச்சை போயி பழுப்பாயிடும். அதைப் பாத்தே நெறைய பேரு ஏமாந்துடறாங்க."

எனக்கு முகம் எரிந்தது. அமுதவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். போச்சு, இப்போது மானத்தை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

பேராசிரியர் நோட்டைத் திறந்தார். "இதை இன்னதுன்னு மொதல்ல சொன்னது யாரும்மா?"

"எங்க அக்காதான் சார். ஜுவாலஜி டீச்சர். பாத்ததுமே சொல்லிட்டாங்க."

அவர் 'சிவசங்கரி' என்று என் பெயரை எழுதிக்கொண்டார். மாமியார் அமுதவல்லியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போனார்.

படிப்பாவது என் பக்கம் என்று இருந்தேன். இனி அதுவும் அவள் கொடுத்தது.