ஒரு படி மட்டும் உயரம்

முன்னால் ஏறியவர்கள் ஒவ்வொருவராகத் தடுக்கினார்கள். "பாத்து வாங்க, நடுவுல ஒரு படி மட்டும் கொஞ்சம் ஒசரம்," என்று வழிகாட்டிப் பெண் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் கைப்பிடியில் தொங்கிவிட்டார்கள். அவர்களோடு வந்த நர்ஸுக்கு மட்டும் கால் தடுக்கவில்லை. அந்தப் படி வந்ததும் அவள் கால் தானாகவே கூடுதலாக எழும்பி, சரியான இடத்தில் ஊன்றியது. ஊன்றிய பிறகுதான் அவள் குனிந்து அந்தப் படியைப் பார்த்தாள்.

விடுமுறை நாளில் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் பயணம் அது. வாழ்ந்த வீடுகள் வக்கீல் ஆபீசாகவும் ஓவியக் கடையாகவும் விடுதியாகவும் வேஷம் மாறி நின்றன. டிக்கெட் பணம், சாகப் போகிறவர்கள் நிம்மதியாகப் படுக்க ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு கட்டுவதற்கு. அங்கே வேலை பார்க்கும் நர்ஸ்களுக்கு ஓசி டிக்கெட். சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் மட்டும் நிர்வாகத்துக்குக் காது கேட்காது. ஓசியை விடுவானேன் என்று இவளும் பஸ் ஏறியிருந்தாள். பிறந்த ஊர்தான் என்றாலும், பார்க்க என்ன இருக்கிறது என்று அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போன நாளிலிருந்து, அம்மா செத்த பிறகும்கூட, இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

விடுதி வாசலில் செருப்புக்கு மேல் மாட்டத் துணியுறை கொடுத்தார்கள். அப்போதுகூட அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வாசலைப் பின்தெருவுக்கு மாற்றியிருந்தார்கள். கீழே சுவர்களையெல்லாம் எடுத்து ஒரே கூடமாக்கியிருந்தார்கள். தாத்தா காலத்துக் கொத்தனார் அளவு தப்பிக் கட்டிய அந்தப் படியை மட்டும் யாரும் தொடவில்லை.

அவள் வீடு. வாங்கியவன் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டான் என்று அண்ணன் சொன்ன வீடு.

மாடியில் முதல் அறைக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு. உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், பக்கத்தில் அம்மா படுத்தபடி தெருவைப் பார்க்கும் அதே ஜன்னல். "இது அந்த வீட்டம்மா இருந்த ரூமாம். புள்ளைங்க ரொம்ப சந்தோஷமா குடுத்துட்டுப் போனாங்களாம்," என்றாள் வழிகாட்டிப் பெண். கூட்டம் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தது.

நர்ஸ் அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நம்ம வீடு நிக்குதுண்ணா. உள்ளதான் நிக்கிறேன்."

எதிர்முனையில் அண்ணன் டி.வி.யை அணைத்தான்.

"வித்தாச்சுன்னு சொல்லியும் கேக்கலையே. வாங்குனவங்க கால்ல விழுந்தாவது அங்க ஒரு நாள் படுத்துட்டு வரேன்னு அம்மா தெனம் உசிர எடுத்துச்சு. வாங்குனவன்கிட்ட போய் நான் கெஞ்ச முடியுமா? இடிச்சாச்சுன்னா கேள்வி முடிஞ்சிரும்ல."

"அம்மாகிட்ட சொன்னது நான்."

"நீ சொன்னாத்தான் நம்பும். அதனாலதான் ஒங்கிட்ட சொன்னேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்குத் தன் வாடகை வீட்டுக் கூடத்தில், அம்மாவுக்கு ஊசி போட்ட கையைத் தேய்த்துவிட்டபடி அவள்தான் சொன்னாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட சேதியைப் பக்குவமாகச் சொன்னவளாயிற்றே. "வீடு இப்ப இல்லம்மா. இடிச்சுட்டாங்க." அம்மா அழவில்லை. "எஞ்ஜன்னல என்ன பண்ணாங்களாம்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவென்று துணி மடித்து எப்போதும் தலைமாட்டில் வைத்திருந்த பையை, மறுநாள் அவளே அவிழ்த்துக் கொட்டினாள். அதற்குப் பிறகு எங்கேயும் போகவேண்டும் என்று கேட்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

இந்தப் பாவத்தை அண்ணன் தலையில் மட்டும் கட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை பஸ் ஏறி வந்து, இடித்த மண்ணையாவது பார்த்துவிட்டுப் போயிருக்கலாமே.

கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். ஆள் குறைவதைப் பார்த்து வழிகாட்டிப் பெண் ஓடிவந்தாள். "அக்கா, கட்டில்ல உக்காரக் கூடாதுக்கா. கெஸ்ட்டுக்குப் போட்டு வச்சிருக்கு."

"தெரியும்மா," என்றாள் நர்ஸ்.

அவள் உட்காரவில்லை. துணியுறை மாட்டிய காலோடு, சுருக்கமில்லாத அந்த விரிப்பின் மேல் ஒருக்களித்துப் படுத்தாள். கட்டிலின் ஓரமாக, முடிந்தவரை ஒடுங்கி, ஜன்னல் பக்கம் இன்னொருவர் படுக்க இடம் விட்டுப் படுத்தாள்.