வேலியோரத்துப் பாங்ஸியாக்கள்

கறுப்பு உடுப்போடு மண்டியிட்டு, செத்துப்போன பாங்ஸியா மரத்தின் அடிப்பகுதியை விரலால் தடவித் துளை தேடிக்கொண்டிருந்தாள் லினெட். பதினொரு மணிக்கு அம்மாவின் அடக்கம். அதற்குள் ஒரு துளையாவது கண்ணில் பட்டாக வேண்டும்.

இந்தக் கடலோர ஊரில் மரம் தானாகச் சாவதாக யாரும் நம்புவதில்லை. வீட்டிலிருந்தே கடல் பார்க்க ஆசைப்படுகிறவன் குறுக்கே நிற்கும் அடுத்தவர் மரத்தில் துளைபோட்டு விஷ மருந்தை ஊற்றுவான். பிறகு துக்கம் விசாரிக்கவும் அவனே வருவான். அம்மா நோரீன் முப்பது வருஷமாக வளர்த்த மூன்று பாங்ஸியாக்களும், அவற்றின் காலடியில் இருந்த கிரெவில்லியாப் புதரும், அவள் படுக்கையில் விழுந்த பிறகுதான் இலையோரம் கருகிச் சருகாயின. இப்போது பின்வீட்டு மெர்வ் வராந்தாவில் உட்கார்ந்தபடியே அலைகளைப் பார்க்கலாம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மெர்வ் மேல் அவளுக்கு இன்னொரு காந்தலும் இருந்தது. சனிக்கிழமைகளில் அவள் சிட்னியிலிருந்து வந்து சேர்வதற்குள், அவர் சூப் வைத்து, அம்மாவுக்கு ஊட்டி, தலையணையைக்கூடச் சரிசெய்து வைத்திருப்பார். பெற்ற தாயைத் தூக்கி உட்காரவைக்க மகளுக்குத்தான் கை வரவில்லை. ஆகவே அவள் தோட்டத்துக்கு ஓடிவிடுவாள். களை பிடுங்குவாள், தண்ணீர் விடுவாள், உரம் போடுவாள், உதிர்ந்ததைக் கூட்டுவாள். அவ்வளவு பார்த்தும் செடிகள் போய்விட்டன.

போன செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா மூச்சு வாங்கியபடி சொன்னாள். "என் பெட்டியத் தூக்கறவங்கள்ல மெர்வும் இருக்கணும், லின்."

"மரத்தக் கொன்ன ஆளா?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்து, "விடும்மா" என்றாள். அன்று சாயங்காலமே உயிர் பிரிந்தது.

லினெட் விடவில்லை. தூக்குகிறவர்களில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. அம்மாவின் ஆசையை அவரிடம் சொல்லவுமில்லை.

வேலிக் கதவு கிறீச்சிட்டது. மெர்வ்தான். கோட்டும் டையுமாக, கையில் ஒரு மூடிய தட்டோடு வந்தார்.

"காலைல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. முட்டை சாண்ட்விச் கொண்டாந்தேன்."

"உங்க வராந்தாவிலேருந்து கடல் நல்லா தெரியுதா, மெர்வ்?"

"தெரியுது."

"எந்த மரத்துல மொதல்ல துளை போட்டீங்க?"

அவர் தட்டைத் தோட்டத்து மேசைமேல் வைத்தார். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

"சர்ச்சுக்கு வாங்க, வேண்டாங்கல. கடைசி வரிசையில உக்காந்துக்குங்க. எங்கம்மா பெட்டிகிட்ட மட்டும் வராதீங்க."

"சரி, லின்."

அந்தச் சமயத்தில் பெவ் செடி வெட்டும் கத்தரியோடு உள்ளே வந்தாள். அம்மாவின் செடிச் சங்கத் தோழி. அந்தச் சங்கத்தில் யார் செத்தாலும் கடைப்பூ வைப்பதில்லை. அவரவர் வீட்டுச் செடியில் வெட்டிய கொத்துகளைத்தான் பெட்டிமேல் வைப்பார்கள். நோரீனின் சொந்தச் செடியில் ஒரு கொத்தாவது தேறுமா என்று பார்க்க வந்திருந்தாள்.

எதுவும் தேறவில்லை. பெவ் குனிந்து கத்தரி முனையால் மண்ணைக் கிளறினாள். பழுப்பு உருண்டைகள் சில வெளியே வந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"கோழி எரு. இத யாரு இங்க கொட்டினது?"

"எரு நல்லதுதானே?" என்றாள் லினெட்.

"ரோஜாவுக்கு நல்லது, கண்ணு. இதுங்க வறண்ட மண்ணுல பட்டினி கிடந்தே பழகின ஜாதி. ஊட்டினா செத்துப்போகும். உங்கம்மா ஒரு பிடி எரு போட்டதில்ல. எந்த முட்டாள் பண்ணின வேலை இது?"

"நான்தான், பெவ்," என்றார் மெர்வ். "அவங்க படுத்துட்டாங்களே, நாமளாவது கவனிப்போம்னு போட்டேன். எனக்கு ரோஜாவ விட்டா என்ன தெரியும்?"

லினெட் அவரையே பார்த்தாள். அந்த எரு மூட்டையை வாங்கிக் காரில் ஏற்றி வந்தவள் அவள். சனிக்கிழமை தோறும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டவள் அவள்.

"அவர் போடல, பெவ். நான் போட்டேன்."

பெவ் கத்தரியை மடக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

மெர்வ் தன் பூட்ஸைப் பார்த்தார். "ஜன்னல் வழியா நாத்தம் வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள நீ நிறையப் போட்டுட்டே. 'இனிமே தடுத்து ஆகப்போறது என்ன, அவளுக்கு இங்க செய்ய வேற என்ன இருக்கு'ன்னாங்க. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னும் சொன்னாங்க."

செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவர் கிட்டே வரவில்லை; அழுது முடியும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டைய நேராக்கிக்குங்க," என்றாள் கடைசியில். "நீங்க தூக்கணும்னு அம்மா சொல்லியிருக்கா. நான்தான் சொல்லல."

சர்ச் வாசலில் அவள் சித்தப்பா மகனை விலகச் சொல்லிவிட்டு, மெர்வை முன்னால் நிறுத்தினாள். மறுபக்கத் தோள் அவளுடையது. பெட்டி மேலே ஏறியது. மெர்வ் நல்ல உயரம், அவள் குள்ளம். பெட்டி அவள் பக்கம் சாய்ந்துவிடாமல், வழி நெடுக அவர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடியே நடந்தார்.