மச்சானிடம் கிடந்த காசு

மச்சானுக்கு நான் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன், வட்டியோடு சேர்ந்து அவ்வளவு.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கிடங்கில் மூட்டை தூக்கும் எங்களுக்கெல்லாம் மேஸ்திரியும் அவர்தான். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதே இருநூறைப் பிடித்துக்கொள்வார்.

"உன் கையில இருந்தா கரைஞ்சுடும் மாப்ள. மக படிப்புக்கு என்கிட்ட கிடக்கட்டும்."

மூன்று வருஷம் கிடந்தது.

ஐம்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டினேன். ஒருநாள் டீச்சர் வரவு செலவு எழுதச் சொன்னார். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "முப்பத்தோராயிரத்து இருநூறு சேர்த்திருக்கீங்க. அப்புறம் எதுக்குக் கடன்?" என்றார்.

"சேமிப்புல கை வைக்கக் கூடாதுங்களே."

"ரெண்டும் ஒரே ஆள்கிட்டயா?"

"ஆமாங்க."

வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என் காசையே எடுத்து மச்சான் எனக்கு வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்.

மகளின் நர்சிங் படிப்புக்குப் பன்னிரண்டாயிரம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். முந்தின நாள் கிடங்கு வாசலில் கேட்டேன்.

"கடனைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொடுங்க மச்சான். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வருது."

"ரெண்டு எழுத்து வந்ததும் என்கிட்டயே கணக்கா? காசு கையிலயா இருக்கு? வெளியில ஓடிட்டிருக்கு."

நான் நகரவில்லை. ஆட்கள் கூடிவிட்டார்கள். மச்சான் என் தோளில் கை போட்டுக் குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. தங்கச்சி வீட்டுக்காரர், பாவம் கஷ்டப்படுறார். பதினெட்டாயிரத்து நானூறு கடனையும் இன்னியோட தள்ளிட்டேன்."

"மச்சான் வாய்ச்சா இப்படி வாய்க்கணும்" என்று முதுகில் தட்டினான் ஒருவன். மேஸ்திரியிடம் அவனும் கடன்காரன். அவன் வட்டி கட்டுவது என் காசுக்குத்தான் என்று அவனுக்குத் தெரியாது.

"என் சேமிப்பு?"

"எழுதி வாங்கினியா?" என்றார் மச்சான், என் காதுக்கு மட்டும்.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்தாள்.

"விட்டுடுங்க. பொறந்த வீடுன்னு எனக்கு அவர் ஒருத்தர்தான்."

மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். வெள்ளிக்கிழமை போயிற்று.

சனிக்கிழமை கூலியில் மச்சான் வழக்கம்போல இருநூறைப் பிடித்தார்.

"மக கல்யாணத்துக்குக் கிடக்கட்டும் மாப்ள."

நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"அதையும் கொடுங்க. பழைய காசை நானும் தள்ளிட்டேன்" என்றேன், கூலிக்கு நின்ற ஆட்களுக்கும் கேட்கும்படி.

மச்சான் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு இருநூறை என் உள்ளங்கையில் வைத்தார்.