மெலிஹாவின் அடுப்பு ஏன் சரியாக எரியவில்லை

1

இந்தக் கதை, நான் ஒரு கதவைச் சாத்தாமல் நின்றதால் உண்டானது. மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதி அடித்தேன். மறக்கவில்லை, இரண்டு கையிலும் தட்டு இருந்தது. எதிர்வீட்டு மெலிஹா அக்கா போன வாரம் கீரை அடைத்துச் சுட்ட பீத்தா வைத்துக் கொடுத்த தட்டு. வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாதே என்று ஆப்பிள் கேக் வைத்து எடுத்துப் போயிருந்தேன்.

மாலை வகுப்பில் ஒரு கதை எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நாட்குறிப்புதான் வரும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: நான் பார்த்ததும் மெலிஹா சொன்னதும் வெளியே இருக்கும்; என் ஊகமும் சந்தேகமும் அடைப்புக்குறிக்குள் போகும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: பனி கொட்டிக்கொண்டிருந்த பிப்ரவரி மாலையில், கணவனைப் பிரிந்த ஒரு பெண் அணையும் நெருப்பைப் பார்த்தபடி

(விட்டுவிட்டேன். அன்று பனி இல்லை, சேறுதான். நெருப்பும் அணையவில்லை. அணைந்திருந்தால் பழுது பார்க்க ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள், கதையே இருந்திருக்காது.)

இரண்டாவது முயற்சி: மெலிஹாவின் பெல்லெட் அடுப்பு ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மோசமாக எரிந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள் இரும்புக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக விழும். வெளிச்சமாக நிமிர்ந்து நிற்க வேண்டிய சுடர், செம்மஞ்சளாகச் சோம்பிப் படுத்துக்கொண்டது. கண்ணாடிக் கதவு ஒரே நாளில் கருத்தது. கிண்ணத்தில் பாதி எரிந்த குச்சிகள் கட்டிதட்டின.

(இது இருக்கட்டும். அழகாக இல்லை, ஆனால் பொய் இல்லை.)

3

மெலிஹாவின் கணவன் நிஹாத் ஆஸ்திரியாவில், லின்ட்ஸில் வேலை பார்க்கிறான். புத்தாண்டுக்கு வந்து ஆறாம் தேதி திரும்பிப் போனவன், இனி ஏப்ரலில்தான் வருவான். தினமும் மாலை ஐந்தரைக்கு வீடியோவில் அழைப்பான். முன்பெல்லாம் மூன்று நிமிடம்: சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அம்மா எப்படி, அப்படியேதான். அடுப்பு கெட்ட பிறகு பேச்சு நாற்பது நிமிடம் ஓடியது.

இந்த வாரம் திங்கட்கிழமை குச்சிகளைச் சோதித்தார்கள்.

"ஒண்ணை உடைச்சுப் பாரு. ஈரமில்லன்னா டப்புனு உடையும்."

"டப்புனுதான் உடையுது. உன் கடவாப்பல்லு மாதிரி."

"கண்ணாடி எப்படி இருக்கு?"

"ஒரே கரி. என் முகமே தெரியல."

"உன் முகத்தை நான் பாத்துக்கறேன். நீ கிண்ணத்தைப் பாரு."

செவ்வாய்க்கிழமை கிண்ணத்தின் துளைகளை ஆணியால் குத்தி, பின்பக்கக் குழாயைத் தூரிகை விட்டுத் துடைத்தாள். புதன்கிழமை, அடுப்புக் கதவின் ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிறு.

"ஒரு காயிதத்தைக் கதவுல வச்சு மூடி இழு."

"வரல."

"பலமா இழு."

"கிழிஞ்சிருச்சு."

"அப்ப கதவு நல்லா இருக்கு."

"காயிதம் உங்கம்மாவோட மருந்துச் சீட்டு, நிஹாத்."

அவன் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு, அவள் போட்டிருப்பது தன் பழைய கோட்டுதானே என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

"வெள்ளிக்குள்ள சரியாகலன்னா லீவு சொல்லிட்டு சனிக்கிழமை காலைல வந்துடறேன்" என்றான்.

(அன்றிரவு அவள் என்ன வேண்டிக்கொண்டிருப்பாள் என்று ஒரு பத்தி எழுதினேன். அது என் வேண்டுதலாக ஒலித்தது. கிழித்துவிட்டேன்.)

4

வியாழக்கிழமை நான் தட்டோடு போய் வாசலில் நின்றேன். அடுப்புக்கு எதிரில் கட்டிலில் போர்வைக்குள் ரெஃபிகா பெரியம்மா, நிஹாத்தின் அம்மா. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"கதவு, கதவு. இடுப்புல காத்து ஏறுது. ஏண்டி பொண்ணே, உங்க வீட்ல கதவே கிடையாதா?"

"கையில தட்டு இருக்கு பெரியம்மா."

"தட்டைக் கீழ வச்சிட்டுச் சாத்து. கேக்குக்குச் சளி பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்."

"சாத்தாத" என்றாள் மெலிஹா.

அவள் அடுப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கருத்த கண்ணாடிக்குள் சுடர் எழுந்து நின்றது.

"இப்ப சாத்து."

சாத்தினேன். சுடர் படுத்தது.

"திற."

எழுந்தது. நான்கு முறை செய்தோம்.

"ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொன்னுடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் பெரியம்மா.

அடுப்புக்குக் காற்று போதவில்லை, அவ்வளவுதான். அணைத்து, ஆறவிட்டு, இருவருமாக அதை முன்னால் இழுத்தோம். வெளிக்காற்று உள்ளே வரச் சுவரில் ஒரு கை நுழையும் அளவு துளை உண்டு. அதற்குள் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்று, விரல் முனையில் சிவப்புப் பட்டையோடு, இறுக்கித் திணித்திருந்தது.

"நிஹாத்தோடது" என்றாள் மெலிஹா.

"அவன்தான் வச்சான்" என்றார் பெரியம்மா. "கிளம்புற அன்னைக்குக் காலைல. அந்த ஓட்டை வழியா காத்து வருதுடான்னேன். கால்ல கிடந்ததைக் கழட்டி அடைச்சிட்டான். தங்கமான புள்ள."

"அம்மா, அவன் அங்க கட்டடத்துக்குக் காத்துக் குழாய் மாட்டறவன்."

"அது ஆஸ்திரியாக்காரன் காத்து. அது ஒண்ணும் பண்ணாது."

5

(இங்கேதான் நிஹாத் மீது எனக்குச் சந்தேகம் வருகிறது. காற்றுக் குழாய் மாட்டுகிறவன் குச்சி, கிண்ணம், குழாய், கயிறு என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காற்றுத் துளையை மட்டும் ஏன் கேட்கவில்லை?

அ. மறந்துவிட்டான். அம்மா குளிர்கிறது என்றால் துளையை அடைப்பது எங்கள் ஊரில் யோசித்துச் செய்கிற காரியமில்லை, தும்முவது மாதிரி. தும்மலை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

ஆ. மறக்கவில்லை. மூன்று நிமிடம் நாற்பது நிமிடமானது அவனுக்கும் தெரியும்.

ஆ-வை எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அம்மா படுக்கிற அறையில் புகை தேங்கலாம் என்று அவனுக்குத் தெரியாதா? ஆனால் ஒவ்வொரு நாளும் பேச்சை முடிக்கும்போது, "அடுப்பை அணைச்சிட்டுப் படு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை" என்று சொல்வானாம். எல்லாக் கணவர்களும் சொல்வதுதான் என்றாள் மெலிஹா. எனக்குக் கணவன் இல்லை, தெரியவில்லை.)

6

மறுபடி பற்றவைத்தபோது சுடர் வெள்ளையாக நிமிர்ந்தது. கண்ணாடியின் நடுவிலிருந்து கரி தானாக விலகி, உள்ளங்கை அளவு தெளிந்தது. அந்த இடத்தில் மெலிஹாவின் முகம் தெரிந்தது. பெரியம்மா போர்வையிலிருந்து ஒரு கையை வெளியே விட்டு, கேக் கேட்டார்.

காலுறை மெலிஹாவின் மடியில் கிடந்தது. அவள் அதைத் துவைக்கப் போடவில்லை. முனையை நீவி, இரண்டாக மடித்து, மறுபடி பிரித்தாள்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது.

"எப்படி எரியுது?" வணக்கம்கூடச் சொல்லாமல் நிஹாத் கேட்டான்.

மெலிஹா அடுப்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உனக்கு வகுப்புக்கு நேரமாகல?" என்றாள். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்தினேன்.

(வாசலில் நின்று செருப்பை மாட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். அதற்கும் கொஞ்சம் கூடுதலாக. நல்ல கதவு, ஒன்றும் கேட்கவில்லை.)

7

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நாளை முதல் மறுபடி மூன்று நிமிட

முடிவு இரண்டு: அவள் "அப்படியேதான் இருக்கு, வந்து பாரு" என்றாள். காலுறையைத் தலையணைக்கு அடியில்

முடிவு மூன்று: அவள் அதைத் திரும்ப

(மூன்றும் பாதியில் நிற்கின்றன. எழுத முடியாமல் இல்லை. எதை எழுதினாலும் நான் அந்தக் கதவை மறுபடி திறந்ததாக ஆகும்.)

இன்று வெள்ளி. லின்ட்ஸிலிருந்து வரும் பேருந்து நாளைக் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனையில் நிற்கும். அதற்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும். பிறகு எழுதினால் அது நாட்குறிப்பு.

என் மேசைக்கு எதிரே ஜன்னல். அதில் மெலிஹா வீட்டுப் புகைக்குழாய் தெரியும். காலுறை வெளியே இருந்தால் புகை இருப்பதே தெரியாது. மறுபடி துளைக்குள் போயிருந்தால் கருப்பாக வரும். மதியத்திலிருந்து திரையை இழுத்து விட்டிருக்கிறேன்.

திரையின் கயிறு உங்கள் பக்கம் இருக்கிறது. இழுத்தால் என்னிடம் சொல்லாதீர்கள். தட்டு இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. அவளுடைய தட்டுதான்; ஆனாலும் என் கேக்குக்குப் பதிலாக எதையாவது அதில் வைத்து எடுத்து வருவாள். இரண்டு பேர் சாப்பிடச் செய்ததில் மிச்சமா, மூன்று பேர் சாப்பிடச் செய்ததில் மிச்சமா என்று நான் அதில் பார்த்துக்கொள்கிறேன்.